தயிர் செய்வதும் செய்யாததும்

ஊவா மாகாணத்தின் இரு மாவட்டங்களிலும் பாலைப் புளிக்க வைக்கும் முறை ஒன்றல்ல. மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய, தணமல்வில போன்ற வெப்பமான தாழ்நிலங்களில் எருமைப் பாலைக் காய்ச்சி மண்சட்டியில் உறைய வைத்த தயிர் தெருவோரக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்க, வாங்குபவர்கள் அதைக் கித்துள் பாணி ஊற்றி உண்கின்றனர். பதுளை மாவட்டத்தில் பசறை, லுணுகலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று மேலே ஏறிச் செல்லும் தேயிலைத் தோட்டங்களிலோ, லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பசும்பாலைக் கறந்து அதன் பெரும்பகுதியைச் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதில் கொஞ்சத்துக்கு உறைமோர் விடுகின்றன. இவ்விரண்டையும் தாண்டி, பதுளை நகரக் கடைகளிலும் தோட்டச் சந்திக் கடைகளிலும் ஒருவர் ஒரு நேரத்தில் தின்று முடிக்கும் சிறு கோப்பைகளில் அடைத்த யோகட் கிடைக்கிறது. மூன்றும் பாலிலிருந்து வந்தவை, மூன்றிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன, மூன்றையும் பற்றி ஒரே நம்பிக்கை சொல்லப்படுகிறது: இதை உண்டால் உடம்பில் நோயெதிர்ப்புச் சக்தி கூடும். கொரோனாத் தொற்றுக் காலத்தில் உரத்துப் பேசப்பட்ட இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதையும், தோட்டப்புற வாழ்க்கைக்கு அந்த உண்மை எந்த அளவில் பொருந்தும் என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

நோயெதிர்ப்பு, அல்லது பாடநூல்கள் சொல்லும் நிர்ப்பீடனம், கூட்டக் கூட்ட நன்மை தரும் ஒரே பொருள் அன்று. வெண்குருதிக் கலங்கள், அவற்றிற் சில உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், தோலும் சளிப்படலமும் போன்ற தடைகள், கலத்துக்குக் கலம் செய்தி கொண்டு செல்லும் புரதங்கள் என்று பல கூறுகள் சேர்ந்த ஒரு தொகுதி அது. கிருமியைக் கண்டால் கிளர்ந்தெழுவதும், தீங்கற்ற உணவைக் கண்டால் அடங்கியிருப்பதும் அதற்குச் சம அளவில் தெரிந்திருக்க வேண்டும். அளவு மீறிக் கிளர்ந்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களும் வரும். ஆகவே ஒரு உணவு நோயெதிர்ப்பைக் கூட்டுகிறதா என்று கேட்பதைவிட, அதை ஒழுங்காக இயங்க வைக்கிறதா என்று கேட்பதே பொருத்தமானது. உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களில் பெரும் எண்ணிக்கையானவை குடலின் சுவரை ஒட்டி இருப்பதால், அந்தக் கேள்வி குடலுக்கே திரும்புகிறது. உண்ணும் சோறும் கறியும் அவற்றோடு வரும் கோடிக்கணக்கான அந்நிய உயிர்களும் நாள்தோறும் கடந்து போகும் இடம் அது என்பதால், எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஓயாமல் தீர்மானிக்கும் காவலும் அங்கேயே நிற்கிறது.

தயிரையும் நோயெதிர்ப்பையும் முதலில் இணைத்துப் பேசியவர் நோயெதிர்ப்பு அறிவியலையே தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. ரஷ்யப் பேரரசில் பிறந்த இலியா மெச்னிக்கோவ், 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் குஞ்சுகளில் முள்ளைக் குத்திவிட்டு, அந்த முள்ளைச் சுற்றி நகரும் கலங்கள் வந்து மொய்ப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் கலங்கள் உடம்பில் இருக்கின்றன என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்து, 1908இல் ஜெர்மானியரான போல் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்ட நோபெல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது. அதே காலத்தில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அவர் வேறொரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார்: மனிதர் ஏன் மூப்படைகின்றனர்? பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் பற்றீரியாக்களின் நச்சுக்களே காரணம் என்று அவர் முடிவு செய்தார். பல்கேரியக் கிராமங்களில் புளித்த பாலை நாளும் உண்பவர்கள் நீண்ட காலம் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பாலின் அமிலம் அழுகலைத் தடுக்கிறது என்று கணித்தார். ஸ்டாமென் கிரிகோரவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர் 1905இல் ஜெனீவாவில் அந்தப் புளித்த பாலிலுள்ள கோல் வடிவப் பற்றீரியாவை அடையாளம் கண்டிருந்தது இக்கணிப்புக்கு வலுச் சேர்த்தது. மெச்னிக்கோவ் தாமும் புளித்த பாலை நாள்தோறும் அருந்தி, 1916இல் 71ஆம் வயதில் காலமானார். அக்காலத்துக்கு அது குறைந்த ஆயுள் அல்ல, அவர் எதிர்பார்த்த ஆயுளும் அல்ல. பின்னர் வந்த ஆய்வுகள், அந்தப் பல்கேரியப் பற்றீரியா மனிதக் குடலில் குடியேறுவதில்லை, விருந்தாளியைப் போல வந்து சில நாட்களில் வெளியேறிவிடுகிறது என்று காட்டின. அவருடைய கோட்பாட்டின் நடுத்தூண் அதனால் விழுந்தது. ஆனாலும் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடம்பு முழுவதன் நலத்தோடும் தொடர்புடையவை என்ற அவருடைய அடிப்படை எண்ணம் நூறாண்டுகளின் பின்னர் மீண்டும் ஆய்வுக்கூடங்களுக்குத் திரும்பியிருக்கிறது.

குடியேறாத பற்றீரியா என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்றைய விளக்கம் இவ்வாறு அமைகிறது. யோகட்டில் இருக்க வேண்டியவை என்று உலக உணவு விதிமுறையான கோடெக்ஸ் வரையறுப்பவை லக்டோபசிலஸ் பல்கேரிகஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ் என்னும் இரு பற்றீரியாக்கள். ஒரு கிராமில் குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும். இவற்றில் ஒரு பகுதி இரைப்பையின் அமிலத்தில் இறந்துபோகிறது, மற்றொரு பகுதி உயிரோடு சிறுகுடலை அடைகிறது. அங்கே பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர் இழையத் திரள்களின் மேற்பரப்பிலுள்ள சிறப்புக் கலங்கள், கடந்து போகும் பற்றீரியாக்களின் மாதிரிகளை உள்ளே எடுத்து, கிளைகள் நீண்ட காவற்கலங்களிடம் ஒப்படைக்கின்றன. அக்கலங்கள் பற்றீரியாவின் கலச்சுவரைத் தம்மிடமுள்ள வாங்கிகளால் தொட்டு இனங்கண்டு, தீமை இல்லாதது என்றோ தீமை உள்ளது என்றோ ஏனைய கலங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. இதன் பயனாகக் குடலின் உட்பரப்பில் சுரந்து கிருமிகளை ஒட்டவிடாமல் தடுக்கும் ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி கூடலாம். வைரசு தொற்றிய கலங்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லிக் கலங்களின் செயலும் மாறலாம். பற்றீரியா இறந்திருந்தாலும் அதன் சுவர்த் துண்டுகளும் அது சுரந்த பிசின் போன்ற சர்க்கரைத் தொடர்களும் ஓரளவு இதே வேலையைச் செய்கின்றன என்பதால், கொதிக்கும் மோர்க்குழம்பில் போன தயிர் முற்றிலும் வீணாகிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. உயிருள்ள பற்றீரியாவால் மட்டும் கிடைக்கும் பயன்கள் அதில் இல்லை, அவ்வளவே.

ஆய்வுக்கூடத்தில் கலங்கள் கிளர்வது ஒன்று, மனிதருக்குச் சளிக்காய்ச்சல் குறைவது வேறொன்று. இரண்டாவதற்குச் சான்று உண்டா என்று தேடினால் கிடைப்பது மிதமான, ஆனால் புறந்தள்ள முடியாத விடை. ஜப்பானின் ஃபுனாகாத்தா, அரித்தா ஆகிய ஊர்களின் முதியோரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 90 கிராம் யோகட் உண்டவர்களுக்குப் பால் அருந்தியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆனால் அந்த யோகட்டில் இருந்தது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பல்கேரிகஸ் அன்று, தனியாகத் தெரிந்தெடுத்த ஒரு வம்சம், பங்கேற்றவர்களும் இரு ஊர்களிலும் சேர்த்து 150 பேருக்கும் குறைவு. தென்னாசியாவுக்கு நெருங்கிய சான்று கொல்கத்தாவின் சேரிப்பகுதிகளில் கிடைத்தது. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 3,758 குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரங்கள் நாள்தோறும் ஷிரோத்தா வம்சப் பற்றீரியா கலந்த புளித்த பால்பானமோ, பற்றீரியா இல்லாத ஒத்த பானமோ கொடுத்துப் பார்த்தபோது, முதலாவதை அருந்தியவர்களிடையே வயிற்றோட்டம் 14 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2011இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. பதினான்கு என்பது விளம்பரத்துக்கு ஏற்ற எண் அல்ல, ஆனால் வயிற்றோட்டத்தால் நலியும் குழந்தைகள் நிறைந்த ஊரில் அது சிறிய எண்ணும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழுவினரும், நலம் தரும் நுண்ணுயிர்கள் மேல்சுவாசத் தொற்றுகளைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றே தீர்ப்பளித்திருக்கின்றனர்.

2021இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு சற்று வேறு திசையிலிருந்து வருகிறது. நலமான 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு யோகட், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளையும் மற்றக் குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும் பத்து வாரங்கள் கொடுத்தபோது, புளித்த உணவை உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகி, உடம்பில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்களின் அளவு குறைந்தது. அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு புளித்த உணவு உண்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு கோப்பை யோகட்டோடு அந்த முடிவை ஒட்டிவைப்பது நேர்மையன்று. அதிகாரத் தரப்பின் நிலைப்பாடு இன்னும் இறுக்கமானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் யோகட்டின் உயிர்ப் பற்றீரியாக்கள் லக்டோசு செரிப்புக்கு உதவுகின்றன என்ற கூற்றை ஏற்றுக்கொண்டது. நோயெதிர்ப்பைப் பற்றி நிறுவனங்கள் முன்வைத்த கூற்றுகளுக்கு அந்த ஏற்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் டானன் நிறுவனம், தன் பால்பானம் சளிக்கும் புளுக் காய்ச்சலுக்கும் தடை என்று விளம்பரம் செய்வதைக் கைவிட உடன்பட்டு, 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டொலர் செலுத்தியது. பெட்டியில் எழுதப்பட்டிருப்பதைவிட அறிவியல் கூறுவது எப்போதும் அடக்கமாகவே இருக்கும்.

ஊவாவின் மூன்று தயிர்களும் இந்த ஆய்வுகளின் முன் ஒரே நிலையில் நிற்கவில்லை. தொழிற்சாலை யோகட் மேற்கூறிய இரு பற்றீரியாக்களை 42 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்த்து உண்டாக்கப்படுவதால், எதை உண்கிறோம் என்று ஓரளவு தெரியும். வீட்டுத் தயிரில் நேற்றைய மோரிலிருந்து இன்றைய பாலுக்குக் கைமாறி வருவது ஒரு கலப்புக் கூட்டம். அதன் உறுப்பினர்கள் சட்டிக்குச் சட்டி, ஊருக்கு ஊர் வேறுபடுவர். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கும் அப்புத்தளையின் குளிரில் பால் உறைய நேரம் பிடிப்பதால் சட்டியை அடுப்போரம் வைக்கிறார்கள். அவ்வாறு வைக்காவிட்டால், மிதமான வெப்பத்தில் செழிக்கும் லக்டோகொக்கஸ் வகைகள் மேலோங்க இடமுண்டு. வெல்லவாயவின் வெக்கையில் வேறு வகைகள் முந்திக்கொள்ளும். ஆதலால் ஜப்பானிய யோகட்டைப் பற்றிக் கண்டதை வீட்டுச் சட்டியின் மேல் அப்படியே ஏற்ற முடியாது, மறுக்கவும் முடியாது. விலங்கு விஞ்ஞானத்துக்கும் ஏற்றுமதி விவசாயத்துக்குமாக ஒரு பீடம் வைத்திருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்க, மலையின் ஒவ்வொரு உயரத்திலும் தயிரில் எந்த நுண்ணுயிர் வாழ்கிறது என்று எழுதி வைப்பது பயனுள்ள வேலையாக இருக்கும்.

நுண்ணுயிரின் பெருமையில் கண்வைத்தவர்கள் பொதுவாகத் தவறவிடுவது தயிர் என்பது முதலில் பால் என்பதை. நோயெதிர்ப்புத் தொகுதி உலகெங்கும் தளர்ந்து போவதற்கு மிகப் பொதுவான காரணம் போதிய புரதமும் துத்தநாகமும் விற்றமின்களும் கிடைக்காமை. பிறபொருளெதிரிகள் புரதத்தால் ஆனவை, வெண்குருதிக் கலங்கள் பெருகத் துத்தநாகம் வேண்டும். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதற்கும் 17.3 விழுக்காடு என்று சொல்லும்போது, தோட்டத் துறைக்கு மட்டும் அந்த எண்ணை 31.7 என்று காட்டுகிறது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும் காலை உணவாக அமையும் வீட்டில், ஒரு கோப்பைத் தயிர் கொண்டுவருவது சளியை விரட்டும் மாயமன்று, அந்தத் தட்டில் இல்லாதிருந்த தரமான புரதமும் கல்சியமும் விற்றமின் பி-12உம். புளிக்கும்போது லக்டோசின் ஒரு பகுதி லக்டிக் அமிலமாகிவிடுவதாலும், எஞ்சியதைச் செரிக்கும் நொதியத்தைப் பற்றீரியா தன்னோடு கொண்டுவருவதாலும், பாலைக் குடித்தால் வயிறு ஊதும் பலரும் தயிரைத் தாங்கிக்கொள்கின்றனர். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும் தென்னாசியாவில் இது சிறிய நன்மையன்று. நீடித்த வயிற்றோட்டமுள்ள குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக யோகட் போன்ற புளித்த பாலைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இந்தக் காரணத்தாலேயே. வயிற்றோட்டத்தில் இழந்த நீரை ஈடுசெய்யும் ஜீவனி கரைசலின் இடத்தைத் தயிர் பிடித்துவிடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

குடலின் காவலைப் பற்றிப் பேசும்போது தோட்டத்தில் குடிநீர் பிடிக்கும் பீலியைப் பேசாமல் விட முடியாது. மலச்சாக்கடை கலந்த நீரைத் தொடர்ந்து அருந்தும் குழந்தையின் சிறுகுடலில் ஓயாத மெல்லிய அழற்சி உண்டாகி, உணவை உறிஞ்சும் விரல் போன்ற முனைப்புகள் தட்டையாகி, குடற்சுவரின் இறுக்கம் தளர்கிறது. உண்ட புரதமும் முழுமையாகச் சேராது, தடுப்பூசிகளுக்கும் எதிர்ப்பு குறைவாகவே எழலாம். அப்படியான குடலில் தயிரின் பற்றீரியா செய்யக்கூடிய சிறு நன்மையைப் பீலிநீரின் கிருமிகள் நாளும் அழித்துக்கொண்டிருக்கும். தயிரை வாங்கச் சொல்வது எளிது, நீரைச் சுத்தப்படுத்துவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் சுகாதாரப் பேச்சில் உண்டு. நீரோடு சேர்த்து மறக்கப்படும் இன்னொன்று நார்ச்சத்து. வெலிமடையின் தோட்டங்களில் விளையும் போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ் ஆகியவற்றின் நார்ச்சத்தை, குடலில் நிரந்தரமாக வாழும் பற்றீரியாக்கள் உண்டு பியூட்டிரேட் என்னும் சிறிய கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. அது குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகி, அழற்சியையும் தணிக்கிறது. விருந்தாளிப் பற்றீரியாவை மட்டும் அனுப்பிவிட்டு, குடியிருப்போரைப் பட்டினி போடுவதில் பொருளில்லை.

குளிர் மிகுந்த தோட்டங்களில் தயிருக்கு எதிரான நம்பிக்கையும் வலுவானது. சளி பிடித்த குழந்தைக்கும் இரவு நேரத்திலும் தயிர் கொடுக்கக் கூடாது, அது குளிர்ச்சி, நெஞ்சில் கோழை கட்டும் என்பது பாட்டிமார் தலைமுறைதோறும் சொல்லி வருவது. அந்த நேரத்தில் கொத்தமல்லி அவித்த நீரே கொடுபடும். பாலுணவு சளியை அதிகமாக்குகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பாலின் கொழுப்பு எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தோன்றுவதைச் சளி என்று உணர்வது பொதுவான மயக்கம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்த குளிர்ந்த யோகட் இருமும் தொண்டைக்கு இதமாக இராது என்பதை மறுக்கவும் தேவையில்லை. சில நாட்கள் நிறுத்தி வைப்பதால் கேடு ஒன்றுமில்லை; ஆனால் மழையும் பனியும் மாறி மாறி வரும் மலையில் மாதக்கணக்கில் குழந்தைக்குத் தயிரே காட்டாமல் விடுவதால், அதற்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான விலங்குப் புரதங்களில் ஒன்று கைவிட்டுப் போகிறது.

கடைக் கோப்பை யோகட்டைப் பொறுத்தவரை, அதில் சேர்ந்த சீனியைக் கவனிக்க வேண்டும். பொதிகளின் மேலுள்ள சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் அதையும் காட்டவே அச்சிடப்படுகின்றன. கெட்டியாக நிற்பதற்குச் சேர்க்கும் ஜெலற்றின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதை, கந்தசஷ்டி விரதத்தில் யோகட்டைப் பால் என்று எண்ணிச் சாப்பிடுபவர்கள் பொதியைப் புரட்டிப் பார்த்தால் காண்பர். காய்ச்சாத பாலில் உறைந்த தயிர் காசநோய்க்கும் புரூசெல்லாக் காய்ச்சலுக்கும் வழி திறக்கும் என்பதால் பாலைக் கொதிக்க வைத்த பின்னரே உறைமோர் விட வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் பின்னோ இருப்பவர்கள், எதிர்ப்பு குன்றிய உடம்பில் நல்ல பற்றீரியாவே அரிதாகத் தொற்றாகிவிடக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்ட பின்பே உயிர்ப் பற்றீரியா மிகுந்த உணவுகளை உண்ண வேண்டும். டெட்ராசைக்கிளின், சிப்ரோஃப்ளொக்சசின் போன்ற மருந்துகளைக் கல்சியம் பற்றிக்கொள்வதால், அவற்றுக்கும் தயிருக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டியதில்லை.

எஞ்சுவது காசின் கணக்கு. மாடு வைத்திருக்கும் தோட்டக் குடும்பத்துக்குப் பால் என்பது முதலில் பணம்; சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் பால் தொழிற்சாலையில் யோகட்டாகி, மலையேறித் திரும்பி வந்து, அதே குடும்பத்தின் கையில் ஒரு கோப்பையாக, கொடுத்த பாலின் விலையைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. கால் லீற்றர் பாலில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதமோ ஏறத்தாழ 13 கிராம். மாட்டைக் கறக்கும் வீட்டில் விடியற்காலைப் பாலில் கால் லீற்றரை ஒதுக்கி அடுப்போரம் உறைய வைப்பதால் அந்தக் குழந்தையின் தேவையில் பாதிக்கும் மேல் கிடைத்துவிடும். மாடில்லாத லயங்களிலோ, பிள்ளைக் காம்பராவில் பகல் முழுவதும் இருக்கும் சிறுவர்களுக்கு அந்தத் தோட்டத்துப் பாலையே விலைகொடுத்து வாங்கி, கொதிக்க வைத்து, தயிராக்கிக் கொடுப்பது பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத வேலை.